சித்தப்பா எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

என் சித்தப்பா ஊழியத்துக்கு அழைக்கப்பட்டபோது தூங்கிக்கொண்டிருந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன். ராஜபாளையத்தில் அன்றைக்கு எங்கள் வேதக்கோயிலில் இருந்தவர்களில் பலர், அவர் தரிசனம் கண்டு எழுந்தார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நம் வயதுக்காரர்கள் சிலருக்காவது நடந்ததை நடந்தபடி சொல்லி வைக்கிறேன்.

யுத்த காலம். உங்களுக்கு நினைவிருக்கும்: மண்ணெண்ணெய் கிடைக்காது, பஸ்ஸைக் கரியில் ஓட்டினார்கள், மில்லில் மட்டும் எந்திரங்கள் இரவு பகலாக ஓடின. சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தார். மில்லில் எந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் வேலை. பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். காலையில் வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். என்ன போட்டுத் தேய்த்தாலும் கையில் எந்திர எண்ணெய் வாசனை போகாது. மில் இரைச்சலில் பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேச வராமல் போய்விட்டது. தண்ணீர் கேட்டால் அடுத்த வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்பவுண்டரின் மகளை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்த அக்கா அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கம்பவுண்டர் சம்மதித்தது மில் வேலையைப் பார்த்து. அதை அவர் மறைத்ததும் இல்லை. "மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல, எனக்கு அது போதும்" என்று எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

சித்தப்பாவிடம் ஒரு குறை உண்டு என்று வீட்டில் நினைத்தார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். ஆனால் கேள்வி கேட்பார். ஒரு தடவை எங்கள் உபதேசியாரிடம் - குருவானவர் எப்போதோ வருவார், மற்றபடி எங்கள் சிறிய சபையை நடத்தியவர் அவர்தான் - வேதத்தில் வருகிற குளத்தண்டையில் அத்தனை வியாதிக்காரர் கிடக்க, ஆண்டவர் ஒருத்தனை மட்டும் எழுப்பிவிட்டுப் போனது ஏன் என்று கேட்டார்.

"அது தேவ சித்தம், தம்பி."

"சரிய்யா. மத்தவக அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போனாக?"

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு அது தாங்க முடியாத அவமானம். சந்தேகத்தை அப்பா ஒரு சீக்காக நினைத்தார். தக்க பொறுப்பு ஒன்று தலையில் விழுந்தால் தானாகத் தெளியும் என்று நம்பினார். அந்தக் குளக்கரையில் கிடந்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் கவலைப்பட்ட ஒரே ஆள் சித்தப்பாதான் என்பது அப்பாவுக்குக் கடைசி வரை தோன்றவில்லை. எனக்கே அது தோன்ற வெகு காலம் ஆயிற்று.

அந்த ஞாயிறன்று பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். உயரமான மனிதர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. கோயிலில் அப்போது பெஞ்சு கிடையாது, பாய்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்னால். சித்தப்பா ஷிப்ட் முடிந்து நேராக வந்து, தூணை ஒட்டி உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிவதற்குள் தலை தூணில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பிரசங்கத்தைவிட அது சுவாரசியமாக இருந்ததால் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசங்கியார் ஒரு ஊரைப் பற்றிச் சொன்னார். சுந்தரபாண்டியம் தாண்டி, கூமாப்பட்டிக்கும் அப்பால், மலையடியில் நம் ஜனங்கள் சில வீட்டார் இருக்கிறார்கள். அங்கே இருந்த உபதேசியார் மலைக்காய்ச்சலில் விழுந்து, சொந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டார். இப்போது ஆறுதல் சொல்லவும் ஆளில்லை, அடக்கம் பண்ணவும் ஆளில்லை. யார் போவார்? இதைப் பல விதமாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அழைப்பைக் கேட்டவர்கள்..." என்று நிறுத்தி, மேற்கூரை அதிர, "எழுந்து நில்லுங்கள்!" என்றார்.

நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரசங்கத்தின் முடிவில் 'எழுந்து நில்லுங்கள்' என்று காதில் விழுந்தால் அது ஆசீர்வாதம். எழுவோம், தலையைக் குனிவோம், ஆமென் சொல்வோம், வீட்டுக்குக் குழம்புக்குப் போவோம். அந்த வார்த்தைக்கு நம் கால்கள் நம்மைக் கேட்காமலே எழுந்து பழகியவை. சித்தப்பாவின் கால்களும் எழுந்தன. வேட்டியைச் சரி செய்தார், கைகளைக் கட்டினார், தலையைக் குனிந்து கண்ணை மூடி நின்றார். கோயில் முழுவதிலும் நின்றது அவர் ஒருவர்தான்.

"அல்லேலூயா!" என்று பிரசங்கியார் கத்தியபோதுதான் அவருக்கு உண்மையில் விழிப்பு வந்தது. சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் உட்கார்ந்தபடி அவரையே பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவரைக் குனிந்து கேட்டார். மெதுவாகக் கேட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

"முடிஞ்சிருச்சா?"

தம் உலக வாழ்க்கை முடிந்ததா என்று தம்பி தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார் என்று பெண்கள் பக்கத்தில் அதற்கு விளக்கம் சொன்னார்கள். பிரசங்கியார் இறங்கி வந்து அவர் தலையில் இரண்டு கைகளையும் வைத்து அழுதார். மத்தியான ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்.

சித்தப்பா மறுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கே, சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் மறுத்தார்.

"அண்ணே, நான் தூங்கிட்டேன்."

கூட வந்திருந்த உபதேசியார் சிரித்தார். "சாமுவேலும் தூங்கிட்டுத்தான் கெடந்தான், தம்பி. ஆண்டவர் கூப்பிடலையா?"

"எனக்குப் பிரசங்கம் பண்ண வராதுய்யா. வாயத் தொறந்தாக் கத்துவேன்."

"மோசேக்கு நாக்கே பொரளாது."

"வம்பு பண்ணா ஓடிப் போயிருவேன்."

"யோனா ஓடுனான். மீனு முழுங்கிக் கொண்டாந்து கரையில கக்குச்சு."

"நம்ம கம்மாயில அம்புட்டுப் பெரிய மீனு எங்கய்யா இருக்கு?" என்றார் சித்தப்பா. அவர் எரிச்சலோடு கேட்டதற்கு எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். அதுவும் சம்மதத்தின் கணக்கில் சேர்ந்தது.

நான் நடுவில் புகுந்து, "சித்தப்பா தூங்குனாக. வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனாக. நான் பாத்தேன்" என்றேன்.

"ஏட்டி, பெரியவக பேசுற எடத்துல ஒனக்கென்ன சோலி? போயி அப்பளத்த எடுத்துட்டு வா" என்றார் அம்மா.

வேதப் புத்தகத்தில் மறுத்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் கடைசியில் போனவர்கள். மறுக்க மறுக்க அவர்களின் வரிசையில் சித்தப்பாவுக்கு இடம் உறுதியாகிக்கொண்டே போனது. பணக்கார வாலிபன் ஒருவன் மட்டும் முகம் வாடித் திரும்பிப் போனான். அவனோடு சேர்ந்துகொள்ள சித்தப்பாவிடம் ஆஸ்தி இல்லை.

செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. கம்பவுண்டர் பஸ் ஏறி வந்தார். இந்தத் தடவை காப்பியைத் தொடவில்லை.

"தம்பி, மில்லுல இருந்தீகன்னா கல்யாணம். மலையடிக்குப் போறதா இருந்தா எம் பிள்ளைய அனுப்ப மாட்டேன். அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கலக்குறவன் நான். இப்ப கொய்னா மாத்திரையும் சரியா வாரதில்ல. காய்ச்சல்ல கெடக்குறவுகளத் தெனம் பாக்குறவன் நான்."

"நான் போகல மாமா."

"நீங்க போகலங்கீக. ஊரு போறாகங்குது. ரெண்டுல ஒண்ணு முடிவாகட்டும். பொறவு பேசுவோம்."

சித்தப்பாவுக்கு மில்லும் வேண்டும், அந்த டீச்சரும் வேண்டும். ராத்திரி ஷிப்ட்டில் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். அந்த ஊருக்கே போய், நான் அந்த ஆள் இல்லை, எனக்காகக் காத்திருக்காதீர்கள் என்று நேரில் சொல்லிவிடுவது. அவர்களே வேறு ஆள் கேட்டுச் சொல்லி அனுப்பினால் உபதேசியாரால் என்ன செய்ய முடியும்?

ஊழியம் செய்யப்போகிற ஊரைப் பார்க்கத்தான் தம்பி போகிறான் என்று அப்பா எண்ணி மகிழ்ந்தார். அம்மா என்னையும் கூட அனுப்பினார். பிள்ளை கூட இருந்தால் பொழுதடையத் திரும்பிவிடுவார் என்று கணக்கு. மலைத் தண்ணீர் குடித்தால்தான் அந்தக் காய்ச்சல் வரும் என்று அப்போது எங்கள் பக்கம் எல்லாரும் உறுதியாக நம்பினார்கள். அம்மா பித்தளைக் கூஜாவில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றித் திருகு மூடியை இறுக்கி என்னிடம் கொடுத்தார். "அந்த ஊருத் தண்ணி ஒரு சொட்டு ஒங்க ரெண்டு பேரு வாயிலயும் படக் கூடாது. சித்தப்பாவப் பாத்துக்கோ." கூஜாவை நான் கொலுசைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். கொசுவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கரி பஸ்ஸில் போனவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருப்பீர்கள். பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு. கிளீனர் பையன் கைப்பிடியைப் போட்டுச் சுற்றச் சுற்றப் புகையும், பொறியும், நம் வெள்ளைச் சட்டையில் கரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தைப் பார்த்தபடி பஸ் நின்றே கிடந்தது. ஊர் தாண்டி ஒரு சின்ன மேட்டில் மூச்சு வாங்கியது. ஆண்கள் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். சித்தப்பா தள்ளாமல் முன்னால் போய் இன்ஜினுக்குள் தலையை விட்டார்.

"காத்து சாஸ்தியாப் போகுதுய்யா. கொஞ்சம் மூடிவிடும்."

"நீரு வந்து ஓட்டுதீரா?" என்றார் டிரைவர்.

"வழியவிட்டு எறங்கும், ஓட்டுதேன்."

சிரிப்புக்கு நடுவில் பஸ் மேடேறியது. சித்தப்பா அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உதட்டை அசைத்தபடி வந்தார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. சத்தம் அவ்வப்போது வெளியே வந்துவிடும். "அய்யாமாரே, நான் அந்த ஆளு இல்ல" என்று அவர் சொன்னபோது முன் சீட்டுக்காரர் திரும்பி, "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

வத்திராயிருப்பில் இறங்கி, உரம் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மாட்டுவண்டியில் கொஞ்ச தூரம், பிறகு நடை. மலை அத்தனை கிட்டத்தில் இருந்தது. மேகத்தின் நிழல் அதில் நகர்வது தெரிந்தது. ஊருக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது வெயில். உச்சி வெயிலில், சுவரோரமாக, ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் தட்ட நடுங்கினார்கள். என் வயதுப் பிள்ளைகளுக்குக் கை கால் குச்சியாகவும், வயிறு ஒரு பக்கம் புடைத்தும் இருந்தது. கண்களில் மஞ்சள்.

கோயில் ஒரு ஓலைக் கொட்டகை. அதன் முன்னால் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஆள் வருவதைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் முன்னால் வந்தார்.

"வந்துட்டீகளா? எங்க அண்ணன் விடியக்காலம் போயிட்டாரு. ஆளுக்குச் சொல்லிவிட்டோம். வருவாகளோ வரமாட்டாகளோன்னு உக்காந்திருக்கோம்."

கொட்டகைக்குள் பாயில் வெள்ளைத் துணி போர்த்தி ஒருவர் கிடந்தார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. சித்தப்பா பஸ்ஸில் மனப்பாடம் செய்ததில் முதல் வரியை மட்டும் சொன்னார்.

"நான் அந்த ஆளு இல்லம்மா."

"எந்த ஆளு?"

"ஊழியத்துக்கு வார ஆளு. நான் மில்லுல வேல பாக்கேன். எனக்கு அழைப்பு கெழைப்பு ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். கோபமாகவும் பார்க்கவில்லை, கெஞ்சலாகவும் பார்க்கவில்லை.

"வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு என்ன? புத்தகம் இருக்கு. எங்கள்ல வாசிக்க ஆளு இல்ல."

பழைய உபதேசியார் விட்டுப்போன ஜெபப் புத்தகம் ஒரு மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. அடக்க ஆராதனை எந்தப் பக்கம் என்று சித்தப்பாவுக்குத் தேடத்தான் வேண்டியிருந்தது. அவர் தேடும் வரை எல்லாரும் காத்து நின்றார்கள்.

ஊருக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவில் குழி. சித்தப்பா மில் குரலில் வாசித்தார். பக்கத்தில் எந்திரம் ஓடுவது போலத்தான் வாசித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் காய்ச்சலில் நடக்க முடியாமல் தள்ளித் தள்ளி மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது கேட்டது. ஒருவர் விடாமல் ஆமென் சொன்னார்கள்.

ஓரிடத்தில் வாசிப்பு நின்றது. மரித்தவர் எழுந்திருப்பார் என்ற நிச்சயத்தைச் சொல்லும் இடம். சித்தப்பா புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்து தெரியவில்லை என்று நான் நினைத்தேன். இறந்தவரின் தங்கை அவர் பக்கத்தில் வந்தார்.

"வாசிங்க. அந்த எடத்துக்குத்தான காலையில இருந்து உக்காந்திருக்கோம்."

"எனக்கு..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"ஒங்களுக்கு இல்ல. எங்களுக்கு வாசிங்க."

வாசித்தார். மண் போட்டார்கள். எனக்குக் கணுக்காலில் கொசு கடித்தது, சொறிந்துகொண்டு நின்றேன்.

திரும்பி வந்ததும், எப்போது வருவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இருந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. தாம் அந்த ஆள் இல்லை என்று அவர் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போலிருந்தது. அந்தப் பெண் அலுமினியப் போணியில் தண்ணீர் மோந்து வந்து நீட்டினார். நான் கூஜாவைத் தூக்கிக் காட்டினேன்.

"சித்தப்பா, நம்மகிட்டத் தண்ணி இருக்கு. அம்மா குடிக்கக் கூடாதுன்னாக."

அவர் கூஜாவைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். போணியை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அந்தக் காய்ச்சல் தண்ணீரால் வராது என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு அன்று தெரியாது. வரும் என்று நம்பித்தான் குடித்தார். பிற்பாடு காய்ச்சல் வரவும் செய்தது, கொசுவால், பிழைத்துக்கொண்டார். நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். "ஏட்டி, செத்த நேரம் சும்மா வா. சாகல நான்" என்றார்.

பொழுது சாய ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாற வேண்டும். மாறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கம்பவுண்டர் வீட்டுக்கு நடந்தார். கம்பவுண்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. டீச்சர் அக்கா வாசலுக்கு வந்தார். கையில் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. உள்ளே அவருடைய அம்மா, தாம் இருப்பதைத் தெரிவிக்க, பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்.

"அப்பா இல்லையே" என்றார் அக்கா.

"ஒங்ககிட்டத்தான் சொல்லணும். எனக்கு அழைப்பு வரல. அன்னிக்கு நான் தூங்கிட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"தூங்குனேன்னு சொல்றீக. தூங்கியிருப்பீக."

சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு, அவர் தூங்கியதாகச் சொன்னதைப் பெரியவர்களில் ஒருவர் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

பிறகு போன இடத்தில் நடந்ததைச் சொன்னார். சாக்குப் போர்த்திய ஆட்களை, குழியை, புத்தகத்தை. "ஒரு எடத்துல வாசிக்க முடியாம நின்னுட்டேன். அதுல பாதி எனக்கு நம்பிக்கை இல்ல. பொய் சொல்லக் கூடாது பாருங்க."

"மீதிப் பாதி?"

"அது இருக்கா இல்லையான்னு இன்னும் தெரியல."

அக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"மில்ல விட்டா, ஒங்கப்பா ஒங்கள அனுப்ப மாட்டாக" என்றார் சித்தப்பா.

"அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். அது எங்க வீட்டுக் காரியம். ஒங்க காரியத்தச் சொல்லுங்க. அன்னிக்குத் தூங்கிட்டீக. இப்ப முழிச்சிருக்கீகள்ல?"

"முழிச்சுத்தான் இருக்கேன்."

"ஒருத்தரும் ஒங்களப் பிடிச்சுத் தள்ளல. நானும் தள்ளல. நீங்களாச் சொல்லுங்க. போறீகளா?"

சித்தப்பா தம் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். குழியில் போட்ட செம்மண் நகக்கண்ணில் இருந்தது.

"போறேன்" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார். பிறகு, கடைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லிவிடுகிற குரலில் கேட்டார்.

"அங்க படிக்கிற வயசுப் பிள்ளைக எம்புட்டுப் பேரு இருக்கும்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

"அடுத்தவாட்டி போகையில எண்ணிட்டு வந்து சொல்லுங்க" என்றார் அக்கா. "சிலேட்டு வாங்கணும்."